காலிப் பெட்டியோடு திரும்பும்போது

மாமி ஊமை என்றுதான் முதல் நாள் நினைத்தேன். சிரிக்காதீர்கள். அவரைத் தெரிந்தவர்கள் யாரிடம் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

தி.நகரில் எங்களுக்கு ரவிக்கைத் துணிக் கடை. சேலையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருத்தமான துணியை எடுத்துக் கொடுப்போம். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், மூச்சு விட இடமில்லை. அந்த நெரிசலில் ஒரு மாமி முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கல்லாவுக்கு எதிரே வந்து நின்றார். "என்ன கலர் வேணும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். உதட்டில் விரலை வைத்துக்காட்டி, மேலே அடுக்கியிருந்த காலி அட்டைப்பெட்டியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "வாயத் தொறந்து சொன்னா முத்தா கொட்டிப்போகும்?" என்றேன்.

மாமி முந்தானையைக் கொஞ்சம் விலக்கினார். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, ரத்தச் சிவப்பில் கண். பெண் குயில். எதிர்த்த நகைக்கடையின் கண்ணாடி முகப்பில் தெரிந்த மரத்தை நிஜ மரம் என்று நம்பிப் பறந்து வந்து மோதியிருக்கிறது. பெட்டியை நானே இறக்கிக் கொடுத்தேன். மாமி குயிலை உள்ளே வைத்து, மேசையில் கிடந்த என் ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தி, மூடிக்கொண்டு போய்விட்டார். விலை கேட்கவில்லை, நன்றி சொல்லவில்லை. நல்ல திமிர் பிடித்த ஊமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். துணியைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். வந்தவர் வாயைத் திறந்தார் பாருங்கள்!

"தப்பா நெனச்சுக்காதேடீ. நேத்திக்குப் பேசியிருந்தா அது பயத்துலயே போயிருக்கும். டாக்டர் பாத்தார், மண்டையில அடி, ஒரு ராத்திரி இருட்டுல வெச்சா சரியாப்போயிடும்னார். கார்த்தால மொட்டை மாடியில விட்டேன், கிர்ருனு போயிடுத்து. ஏன்டீ, இந்த மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு பார்டர் வெச்ச துணி இருக்கோ?"

அரை மணி நேரம். எனக்கு வியாபாரம் பாழ். என் மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் ஸ்கூட்டி இருப்பதும் தெரிந்துவிட்டது. கடையில் காலிப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. அப்புறம் என்ன, அடிபட்ட பறவைகளை எடுத்துப்போகும் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. மாமி என்னைவிட ஆறேழு வயதுதான் பெரியவர். அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். மயிலாப்பூர்க்காரர், ஆத்துப் பேச்சு, அதனால் என் வாயில் மாமி என்றுதான் வந்தது.

குழு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். கொட்டிவாக்கத்தில் மொட்டை மாடி நிறையக் கூண்டு வைத்திருந்த ஒரு பெண் அதை நடத்தினாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, தூக்கமே கிடையாது. 'அடையாறில் ஆந்தை, காக்கா கொத்துது, பக்கத்துல யாரு?' என்று செய்தி வரும். பக்கத்தில் இருப்பவர் போய், துணி போட்டு மூடி, இருட்டுப் பெட்டியில் வைத்து மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்துக் கொஞ்ச ஆசைப்படுகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை.

கொஞ்சுவது என்றாலே மாமிக்கு ஆகாது. பெட்டியில் பறவை இருக்கும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. நானும் பேசக்கூடாது. பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நான் ஹாரன் அடிக்கப் போனால் முதுகில் கிள்ளுவார். உஸ்மான் ரோட்டில் ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்டியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு தடவை ஆட்டோக்காரர் ஒருவரை உரசுகிற மாதிரி போய்விட்டேன். "இன்னாமா, ஹாரன் பூட்ச்சா? சவுண்டு குட்த்துக்கினு வரமாட்டியா?" என்று கத்தினார். மாமி திரும்பி அவருக்கு ஒரு கும்பிடு போட்டார், அப்புறம் உதட்டில் விரலை வைத்தார். அந்த மனிதரும் என்ன நினைத்தாரோ, அடுத்த சிக்னல் வரை எங்களுக்குப் பின்னாலேயே சத்தம் போடாமல் வந்தார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டேன்.

"நம்ம மூஞ்சி அதுக்கு யமன் மூஞ்சிடீ" என்றார். "நீ ஜுரத்துல படுத்துண்டிருக்கச்சே யமன் வந்து கன்னத்தைக் கிள்ளி, செல்லம், பட்டுக்குட்டின்னு கொஞ்சினா நோக்கு எப்படி இருக்கும்?"

பெயர் வைப்பதும் அவருக்குப் பிடிக்காது. கொட்டிவாக்கத்துப் பெண் ஒரு கூகைக் குஞ்சுக்கு லட்டு என்று பெயர் வைத்துப் படம் போட்டாள். உடனே மாமியின் குரல் பதிவு வந்தது: "லட்டுன்னு பேர் வெச்சா எடுத்து வாயில போட்டுக்கத்தான் தோணும். அது கூகை. கூகைன்னே சொல்லு."

பாலவாக்கம் கடற்கரையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் விடும் மாஞ்சா நூல் இறக்கையை அறுத்ததில் ஒரு கொக்கு விழுந்து கிடந்தது. சுற்றிலும் கூட்டம். ஒருவர் தன் தண்ணீர் பாட்டிலை அதன் அலகுக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார், பாவம், நல்லெண்ணம்தான். நாலு பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமி பாட்டிலைப் பிடுங்கினார். வாய் திறக்க மாட்டாரே! பாட்டில்காரரின் மூக்கைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, மூச்சு முட்டுகிற மாதிரி நடித்துக்காட்டினார். தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும் என்று அர்த்தம். அந்த ஆள் பயந்து இரண்டடி பின்னால் போனார். அப்புறம் அவரே செல்பிக்காரர்களைத் துரத்தினார்.

இதெல்லாம் போகும்போது. திரும்பும்போது வேறு மாமி.

பறவையைச் சேர்த்துவிட்டு, காலிப் பெட்டியோடு வண்டியில் ஏறினாரோ இல்லையோ, அடைத்து வைத்த பேச்செல்லாம் மடை திறந்துகொள்ளும். காற்றை மீறிக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்திப் பேசுவார். பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்டித் தருகிறேன் என்று வட்டமிடும் புரமோட்டர், கச்சேரி சீசன் கேன்டீனில் உப்பில்லாத சாம்பார், நாத்தனாரின் வைரத்தோடு. எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் வீட்டுக்காரர். "நான் ஒரு மணி நேரம் பேசினா அவர் ஒரே ஒரு 'ம்' போடுவார்டீ. ஆனா சரியான எடத்துல போடுவார். அதுக்குத்தான் குடித்தனம் பண்ணிண்டிருக்கேன்." லஸ் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்களெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். என் கொழுந்தன்மார் கடையைப் பங்கு கேட்டபோது நான் வாய்விட்டு அழுதது அந்தச் சிக்னலில்தான். "அழு, நன்னா அழு. பச்சை விழறதுக்கு இன்னும் நாழி இருக்கு" என்று முதுகைத் தடவினார். வேண்டுமென்றே நான் அடையாறிலிருந்து சாந்தோமைச் சுற்றிக்கொண்டு போவேன். பத்து நிமிஷம் கூடக் கிடைக்கும். மாமிக்கும் அது தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. ஒரு மார்கழியில் அவர் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. மாமி அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி கிடைத்ததா, வாத்தியாருக்கு ஆட்டோ சொல்லியாயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "கல்நெஞ்சுக்காரி" என்று உறவில் ஒருத்தி முணுமுணுத்தாள். எனக்கு அவளை நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது, சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் எல்லோரும் மூட்டை கட்டினார்கள்.

பங்குனியில் பருந்துக் குஞ்சு வந்தது. மந்தைவெளியில் மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை வெட்டியிருக்கிறார்கள், கூடோடு கீழே வந்துவிட்டது. காலில் சுளுக்கு. வெயில் காலத்தில் மயங்கி விழும் பறவைகளால் கொட்டிவாக்கத்துக் கூண்டெல்லாம் நிரம்பியிருந்தது. வனத்துறையிடம் சொல்லி, கொஞ்ச நாள் மட்டும் என்று மாமியின் பின்பக்க அறையில் வைத்தோம்.

பருந்துக் குஞ்சு விஷயத்தில் இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும். கண் திறந்து வளரும் வயதில் யார் முகத்தையும் குரலையும் அறிகிறதோ, அவரையே தன் இனமாக நினைத்துக்கொள்ளும். அப்புறம் மனிதரைக் கண்டால் பயமே இருக்காது. பயமில்லாத பருந்து இந்த ஊரில் எத்தனை நாள் பிழைக்கும்? அதனால் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி, இடுக்கியால் இறைச்சி கொடுத்து, மூச்சுக் காட்டாமல் வந்துவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே மாமிதான்.

கோழிக் கழுத்தும் ஈரலும் வாங்கிக் கொடுப்பது என் வேலை. வெங்காயம்கூடப் பல நாள் சேர்க்காத வீடு அது. மாமி மூக்கில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு அதைத் துண்டு போடுவார். "பெருமாளே மீனா பொறந்தவர்தானே, கோச்சுக்க மாட்டார்" என்பார்.

ஒரு நாள் பொட்டலத்தோடு படியேறினேன். உள்ளே பேச்சுச் சத்தம்.

"ஏன்னா, கேட்டேளா? அந்தப் புரமோட்டர் இன்னிக்கும் வந்தான். நீங்க கையெழுத்துப் போடமாட்டேன்னேளோன்னோ, நானும் மாட்டேன்னுட்டேன்..."

யாரோ விருந்தாளி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினேன். அப்புறம்தான் உறைத்தது. ஏன்னா என்று அவர் கூப்பிட்டது ஒரே ஒரு மனிதரைத்தான். அந்த மனிதர் போய் மூன்று மாதம் ஆகிறது. பின்பக்க அறைக் கதவு திறந்திருந்தது. மாமி முகத்தில் துணியில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். குஞ்சு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

"மாமி, என்ன காரியம் பண்றீங்க? நீங்களா? ஊருக்கெல்லாம் வாயப் பொத்தச் சொல்லிட்டு..."

"தெரியும்டீ."

"தெரிஞ்சுமா? அது நாளைக்கு எவன் தோள்லயாவது போய் உட்காரும், அடிச்சுக் கொன்னுபோடுவான்."

"நாள் பூரா வாயைத் தொறக்காம இருந்தா என் குரல் நேக்கே மறந்துடும்போல இருக்கு. ஒரு வார்த்தைன்னு ஆரம்பிச்சேன். அது தலையைச் சாய்ச்சுண்டு கேட்டுது. நடுவுல ஒரு சத்தம் போட்டுது. சரியான எடத்துல போட்டுதுடீ."

"என்கிட்ட பேசுங்களேன். போன் பண்ணுங்க, எந்நேரம்னாலும் வாறேன்."

மாமி என்னைப் பார்த்தார். "உன்கிட்ட பேசறதும் அவர்கிட்ட பேசறதும் ஒண்ணா?" என்றார்.

அன்றே குஞ்சைக் கொட்டிவாக்கத்துக்கு மாற்றினோம். எப்படியோ ஒரு கூண்டைக் காலி செய்தாள் அந்தப் பெண். காரணத்தை மாமியே தன் வாயால் அவளிடம் சொல்லிவிட்டார். பெரிய கூண்டில் மற்றப் பருந்துகளோடு விட்டால் மறந்துவிடும் என்று நம்பினோம். இறக்கை முற்றியது, நன்றாகப் பறந்தது, எலியைத் தானே பிடித்தது. ஆனியில், காலில் அடையாள வளையம் மாட்டி, அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் விட்டோம். மாமியை வரக்கூடாது என்று சொல்லியிருந்தோம், வரவில்லை. மேலே ஏறி, மற்றப் பருந்துகளோடு வட்டம் போட்டது. தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு.

நாலாம் நாளே கரையோரக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் போன் செய்தார். பறவை அடிபட்டால் எங்களுக்குச் சொல்பவர். "மேடம், உங்க பருந்து என் வலை மேல வந்து குந்திகினு கீது. கிட்ட போனாலும் பறக்கமாட்டுது. நாங்க ஒண்ணியும் பண்ணமாட்டோம். ஆனா வாக்கிங் வர்ற பொம்பளைங்க பேசிக்கினு போனா பின்னாலயே பூடுது. நேத்து ஒருத்தர் குச்சிய தூக்கிட்டாரு. சீக்கிரம் வாங்க, இல்லாங்காட்டி அடிச்சிடுவானுங்க."

பெண்கள் பேசிக்கொண்டு போனால். உடனே கொட்டிவாக்கத்துக்குப் போன் போட்டேன்.

கொட்டிவாக்கத்துப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். "ரெண்டே வழிதான் ஆன்ட்டி. பிடிச்சுக் கூண்டுல போட்டா ஆயுசுக்கும் கூண்டுதான். இல்லன்னா மனுஷங்களைப் பார்த்தாலே பயப்படற மாதிரி விரட்டணும். எந்தக் குரலை நம்புதோ அந்தக் குரல்தான் விரட்டணும்."

மாமியிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தையும் குழிக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, "வண்டியை எடு" என்றார்.

விடிந்து வெயில் ஏறாத நேரம். வலை உலர்த்தும் மணலில் மாமி தனியாகப் போய் நின்றார். நாங்கள் படகு மறைவில் இருந்தோம். பருந்து தூரத்தில் ஒரு கட்டுமரத்தின் மேல் இருந்தது. மாமி கூப்பிட்டார்.

"ஏன்னா..."

அது உடனே எழும்பி நேராக அவரிடம் வந்தது. கையெட்டும் தூரம் வரும்வரை மாமி அசையவில்லை. அப்புறம் தாம்பாளத்தைப் போட்டு அடித்தார் பாருங்கள், அந்தச் சத்தத்தில் குப்பத்து நாய்களெல்லாம் குரைத்தன. பருந்து தடுமாறி மணலில் இறங்கி, அண்ணாந்து அவரையே பார்த்தது. மாமி ஈர மணலை அள்ளி அதன்மேல் வீசினார். மறுபடி அள்ளி வீசினார்.

"போங்கோ! போங்கோன்னா! என்னண்ட வராதேள்! யாரண்டையும் வராதேள்! போங்கோ!"

துரத்தும்போதும் மரியாதை விடவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது பறந்துபோய்க் கட்டுமரத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் வந்தது. திரும்பவும் தாம்பாளம், திரும்பவும் மணல்.

தினமும் காலையில் போனோம். ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு, வந்ததும் தாம்பாளத்தை அடித்துத் துரத்தினார். அந்த வாரத்தில் மாமி பாதியாக இளைத்துவிட்டார். நாளாக ஆக அது வருவதற்கு யோசித்தது, தூரத்திலேயே வட்டம் போட்டது. கடைசியில் ஒரு காலை, மாமி மணலில் கால் வைத்ததுமே கட்டுமரத்தை விட்டு எழும்பியது. அவர் கூப்பிட்டார். வரவில்லை. இன்னொரு முறை, தொண்டை கிழியக் கூப்பிட்டார். அது ஆற்றைத் தாண்டி, மேலே சுற்றிக்கொண்டிருந்த மற்றப் பருந்துகளோடு சேர்ந்தது. எது நம்முடையது என்று அப்புறம் அடையாளம் தெரியவில்லை.

"பூட்ச்சிமா" என்றார் மீனவர். "இனிமே வராது. பொயச்சிக்கும்."

பிழைத்தும்கொண்டது. கால் வளையத்தைப் பார்த்து அடையாளம் கண்டு, எட்ட நின்றே மீன்குடல் பொறுக்குகிறது, ஆளைக் கண்டால் பறந்துவிடுகிறது என்று பல மாதம் கழித்தும் அவர் சொன்னார்.

மாமி அப்படியே மணலில் உட்கார்ந்தார். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, மார்கழியிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதார். வாய்விட்டு, ஒப்பாரி மாதிரி. நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். அன்றைக்கும் சாந்தோமைச் சுற்றித்தான் வண்டியை ஓட்டினேன். மாமி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பறவைக்கும் வரவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டார். புரமோட்டருக்குக் கையெழுத்துப் போட்டார், வீடு இடிபட்டது. புனேயில் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று கடைக்கு வந்து சொன்னார். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றேன். "வேண்டாம். கடையைப் பாரு" என்றார்.

முதலில் போன் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு எடுப்பது குறைந்தது. கடைசியாக எடுத்தபோது, "நன்னா இருக்கேன்டீ. தம்பி ஆம்படையா நன்னாப் பாத்துக்கறா. நீ எதுக்கு என்னையே நெனச்சிண்டிருக்கே? மறந்துட்டு வேலையைப் பாரு. அதான் நோக்கு நல்லது" என்று வைத்துவிட்டார். என்ன நெஞ்சழுத்தம்! மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன், வரவில்லை. நல்ல பட்டுப்புடவை ஒன்று வந்தது, ஒரு வரி எழுத்து இல்லை.

நான் இப்போதும் பறவைகளுக்குப் போகிறேன். பின்சீட்டில் இப்போது கொட்டிவாக்கத்துப் பெண் உட்காருகிறாள். நல்ல பெண்தான். திரும்பி வரும்போது காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பாள். வாரம் ஒரு தடவை புனேக்குப் போன் போட்டுப் பார்க்கிறேன். மணி அடித்து அடித்து நிற்கிறது. எடுத்தால் திட்டுவார். திட்டட்டுமே, அந்தக் குரல் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். மறந்துவிடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். ஒருத்தியின் காதோரம் ஆறு வருஷம் பேசிக்கொண்டே வந்தால் அவள் என்ன ஆவாள் என்று, உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும், மாமிக்குத் தெரியாதா?